நூற்று நாற்பது சேவைகள், மூன்று பொறியாளர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

செக்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் தன் தயாரிப்பின் மையப் பகுதியை நூற்றுக்கும் மேற்பட்ட மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியே ஓடும் சிறு நிரல்களாக, பிரித்தது. சில ஆண்டுகளில் அவை அனைத்தையும் திரும்ப ஒன்றாக்கியது. நடந்ததை 2018 ஜூலையில் அந்நிறுவனமே விவரமாக வெளியிட்டது. மைக்ரோசர்வீஸா, எல்லாம் ஒரே நிரலாக ஓடும் மோனோலித்தா என்ற பட்டிமன்றத்தில் இரு தரப்பும் இந்த நிகழ்வைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு. அந்தப் பட்டிமன்றத்துக்கு இது அவ்வளவாக உதவாது என்பது எங்கள் கருத்து. எந்த வலிக்கு எந்த மருந்து கொடுத்தார்கள், அதற்கான விலை யாருடைய நேரத்திலிருந்து போனது என்று பார்க்கத்தான் இது உதவும்.

கீழே வரும் எண்களில் "எடுத்துக்காட்டுக்கு" என்று சொல்லித் தருபவை கணக்குப் புரிவதற்காக நாங்கள் போட்டவை. செக்மென்ட்டைப் பற்றிய மற்றவை நிறுவனம் வெளியிட்டவை.

பின்னணி

ஓர் இணையதளமோ செயலியோ தன் பயனர்களின் நடவடிக்கைகளைப் பல இடங்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. யார் பதிவு செய்தார், எந்தப் பொத்தானை அழுத்தினார், எதை வாங்கினார் என்பவை கூகுள் அனலிட்டிக்ஸுக்கும் போக வேண்டும், மின்னஞ்சல் அனுப்பும் கருவிக்கும் போக வேண்டும், ஆப்டிமைஸ்லி போன்ற சோதனைக் கருவிக்கும் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரல் எழுதுவதற்குப் பதில், ஒரே முறை செக்மென்ட்டுக்கு அனுப்பினால் போதும். மற்ற எல்லா இடங்களுக்கும் அது பிரித்து அனுப்பிவிடும். இதுதான் அவர்கள் விற்ற பொருள்.

உள்ளே வரும் ஒவ்வொரு நிகழ்வும் ஒரு ஜேசான் துண்டு, அதாவது பெயரும் மதிப்புமாக எழுதிய சிறு தரவு. வெளியே போகும் ஒவ்வொரு இடத்தையும் இந்தக் கட்டுரையில் சேருமிடம் என்று அழைப்போம். ஒவ்வொரு சேருமிடத்துக்கும் அதன் ஏபிஐ (வெளி நிரல்கள் பேசுவதற்கான வாசல்) கேட்கும் வடிவில் அந்த ஜேசானை மாற்றித் தரச் சிறு நிரல் ஒன்று வேண்டும். ஒரு கருவி பிறந்த தேதியை ஒரு பெயரில் கேட்கும், இன்னொன்று வேறு பெயரில், வேறு வடிவில் கேட்கும். அறிவுக்குச் சவால் விடுகிற வேலை இல்லை இது; ஆனால் எண்ணிக்கை அதிகம், ஓயவும் ஓயாது. புதிய சேருமிடம் ஒவ்வொன்றும் புதிய வாடிக்கையாளர்களுக்கான வாசல் என்பதால், அவற்றைச் சேர்த்துக்கொண்டே போவது வியாபாரத்தின் உயிர்நாடி. மாதம் சராசரியாக மூன்று சேருமிடங்கள் சேர்ந்தன.

முதலில் கண்ட சிக்கல்: ஒரே வரிசை

தொடக்கத்தில் எல்லா நிகழ்வுகளும் ஒரே வரிசையில், அதாவது ஒரே கியூவில், நின்றன. வேலைசெய்யும் புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) வரிசையின் முனையிலிருந்து ஒன்றை எடுக்கும், உரிய சேருமிடத்துக்கு அனுப்பும், அடுத்ததை எடுக்கும்.

அனுப்புதல் சில நேரம் தோற்கும். தோல்வி இரண்டு வகை. கடவுச்சாவி தவறு, கட்டாயப் புலம் இல்லை என்பவை எத்தனை முறை அனுப்பினாலும் தோற்கும். அவற்றை விட்டுவிட வேண்டியதுதான். 500 வகைப் பிழை (எதிர்முனைச் சர்வரின் கோளாறு), வேகக் கட்டுப்பாடு, பதில் வராமல் நேரம் கடப்பது ஆகியவை கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பினால் தேறும். இந்த இரண்டாம் வகை திரும்பவும் அதே வரிசைக்கு வந்தது. ஆக, புது நிகழ்வுகளும் பலமுறை தோற்று வந்தவையும் ஒரே வரிசையில் கலந்து நின்றன.

ரேஷன் கடையில் ஒரே கவுன்டர். ஒருவருடைய கைரேகை பதியவில்லை; திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கிறார். பின்னால் நிற்கும் நாற்பது பேருடைய அட்டையில் எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் நிற்கிறார்கள். கணினித் துறையில் இதை வரிசைமுனை அடைப்பு என்று சொல்லலாம்.

எவ்வளவு வேகமாக அடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. எடுத்துக்காட்டுக்கு, நொடிக்கு 1,000 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 0.1 நொடியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் 1,000 × 0.1 = 100 கோரிக்கைகள் மட்டுமே நடப்பில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் 200 வொர்க்கர்கள் வைத்திருந்தால் பாதி சும்மா இருக்கும், நிம்மதியான நிலை. இப்போது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு பெறும் ஒரு சேருமிடம் திணறி, ஒவ்வொரு கோரிக்கையும் 10 நொடி காத்திருந்து நேரம் கடக்கிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் 100 × 10 = 1,000 வொர்க்கர்கள் வேண்டும். நல்ல சேருமிடங்களுக்கு 90 போதும், ஆனால் மீதி 110 வொர்க்கர்களும் ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பிடிபட்டுவிடுவார்கள். அதன்பின் எல்லாருக்கும் தாமதம். வொர்க்கர்களை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது இன்னும் இரண்டு நொடி அவகாசம்.

வாடிக்கையாளர் பார்வையில் இது நேரடி இழப்பு. தான் பணம் கட்டும் கருவி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்க, தனக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கருவி படுத்ததால் தன் தரவு தாமதமாகிறது.

முதல் முடிவு: சேருமிடத்துக்கு ஒரு சேவை, ஒரு வரிசை

குழு எடுத்த முடிவு நேர்த்தியானது. ஒவ்வொரு சேருமிடத்துக்கும் தனி வரிசையும் தனிச் சேவையும். முன்னால் ஒரு ரௌட்டர் நின்று, உள்ளே வரும் நிகழ்வின் பிரதியை அந்த வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு வரிசைக்கும் போடும். ஒரு சேருமிடம் திணறினால் அதன் வரிசை மட்டும் நீளும், மற்றவை ஓடும்.

இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறோம். அடைப்பு என்ற வலி கண்ணுக்குத் தெரிந்தது, வாடிக்கையாளரைத் தொட்டது, பிரித்ததும் உடனே தீர்ந்தது. எந்தச் சேருமிடம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பது வரிசையின் நீளத்தைப் பார்த்தாலே தெரிந்தது கூடுதல் நன்மை. பிற்பாடு எல்லாவற்றையும் ஒன்றாக்கியபோதும் இந்தப் பிரிவினையின் சாரத்தை அவர்கள் கைவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் முடிவு: ரெப்போக்களையும் பிரித்தல்

சேவைகள் பிரிந்த பிறகும் நிரல் முழுவதும் ஒரே ரெப்போவில், அதாவது நிரலைச் சேமிக்கும் ஒரே களஞ்சியத்தில்தான் இருந்தது. அங்கே வேறொரு எரிச்சல். ஒரு சேருமிடத்தின் டெஸ்ட் (நிரல் சரியா என்று தானாகச் சோதிக்கும் நிரல்) உடைந்தால் எல்லாச் சேருமிடங்களின் டெஸ்ட்டும் தோல்வி என்று காட்டியது. ஒருவர் தன் சேருமிடத்தில் இரண்டு வரி மாற்றிவிட்டு டிப்ளாய் செய்யப் (பயன்பாட்டுக்கு விடப்) போனால், தான் பார்த்தே இராத வேறொரு சேருமிடத்தின் உடைந்த டெஸ்ட்டை முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு சேருமிடத்தையும் தனி ரெப்போவாக்கினார்கள். ஐம்பதுக்கு மேல் புதிய சேருமிடங்கள் வந்தபோது ஐம்பதுக்கு மேல் புதிய ரெப்போக்களும் வந்தன.

இந்த இடத்தில்தான் நாங்கள் அதிகம் நின்று பார்க்க விரும்புகிறோம். டெஸ்ட்டுகள் ஏன் உடைந்தன? அவற்றில் பல, கூட்டாளி நிறுவனங்களின் உண்மையான ஏபிஐக்கு எச்டிடிபி கோரிக்கை அனுப்பிப் பதில் வாங்கிச் சரிபார்த்தன. அந்த நிறுவனத்தின் சர்வர் படுத்தாலும், சோதனைக் கணக்கின் கடவுச்சாவி காலாவதியானாலும், நடுவில் இணையம் திணறினாலும் டெஸ்ட் உடையும். நிரலில் எழுத்துகூட மாறியிருக்காது.

அதாவது நோய், டெஸ்ட் வெளியுலகை நம்பியிருந்தது. கொடுத்த மருந்து, உடைந்த டெஸ்ட் தென்படாத இடத்துக்கு அதை நகர்த்தியது. தனி ரெப்போ வந்ததும் உடைந்த டெஸ்ட்டைச் சரிசெய்யும் அவசரம் எவருக்கும் இல்லாமல் போனது. சில மாதம் கழித்து அந்தச் சேருமிடத்தில் சிறு மாற்றம் ஒன்று தேவைப்படும்போது அந்தக் கடன் வட்டியோடு வந்து நின்றது. ஓரிரு மணி நேரத்தில் முடிய வேண்டிய மாற்றம், சில நாட்களிலிருந்து ஒரு வாரம் வரை இழுத்ததாக அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஓடும் நேரத்தில் ஒன்றின் தோல்வி மற்றதைத் தொடாமல் காப்பது ஒரு கேள்வி. நிரலை எங்கே வைப்பது, யார் சோதிப்பது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த நல்ல விடை, இரண்டாவதற்கும் விடையாக நீட்டப்பட்டது. "பிரித்தால் சுத்தம்" என்ற பொறியியல் இலட்சியத்துக்கு இந்த இழுவிசை எப்போதும் உண்டு.

பொது லைப்ரரிகள் சிதறிய விதம்

எல்லாச் சேருமிடங்களுக்கும் பொதுவான வேலைகள் பல. பயனரின் பெயரை எடுப்பதையே பார்க்கலாம். சில வாடிக்கையாளர்கள் முழுப்பெயரை ஒரே புலத்தில் அனுப்புவார்கள். சிலர் அதே புலத்தைப் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். சிலர் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகத் தருவார்கள். இவை அத்தனையையும் தேடிப் பார்த்துப் பெயரைத் திருப்பித் தரும் சிறு செயல்பாட்டை ஒவ்வொரு சேருமிடத்திலும் எழுதாமல் பொது லைப்ரரியில், அதாவது எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் ஒரே நிரல் தொகுப்பில், வைத்தார்கள். நல்ல வழக்கம்தான்.

சிக்கல் அந்த லைப்ரரியை மாற்றும்போது வந்தது. ஒரு மாற்றத்தை எல்லாரிடமும் கொண்டுசேர்க்க ஒவ்வொரு ரெப்போவிலும் பதிப்பெண்ணை உயர்த்தி, டெஸ்ட் ஓட்டி, டிப்ளாய் செய்ய வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு சேவைக்கு 15 நிமிடம் என்று வைத்தால்கூட 140 சேவைகளுக்கு 35 மணி நேரம். கிட்டத்தட்ட ஒருவரின் வார வேலை, பெயர் எடுக்கும் செயல்பாட்டில் ஒரு வரியை மாற்றுவதற்காக. இதில் எந்த டெஸ்ட்டும் உடையவில்லை என்ற அனுமானமும் ஒளிந்திருக்கிறது.

நேர நெருக்கடியில் பொறியாளர்கள் இயல்பாகச் செய்வதையே அவர்களும் செய்தார்கள். தங்களுக்குத் தேவையான ஒன்றிரண்டு சேருமிடங்களில் மட்டும் புதிய பதிப்பைப் போட்டார்கள். நாளடைவில் ஒவ்வொரு சேருமிடமும் ஒவ்வொரு பதிப்பில் நின்றது. பொது லைப்ரரி என்ற பெயர் இருந்தது, பொதுமை போய்விட்டது. அதன்பின் ஒரு பிழையைப் பார்க்கிறவர் முதலில் "இது எந்தப் பதிப்பு?" என்று கேட்க வேண்டும், அந்தப் பதிப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பதிப்பு உயர்த்துவதைத் தானியக்கமாக்கும் கருவி செய்திருக்கலாமே என்ற கேள்வி எழும். அவர்களும் யோசித்திருக்கிறார்கள். ஆனால் அதற்குள் லைப்ரரியோடு நில்லாமல் வேறு இடங்களிலும் வலிக்கத் தொடங்கியிருந்தது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சுமை

சில சேவைகளுக்கு ஒரு நாளில் வருவதே விரல்விட்டு எண்ணக்கூடிய நிகழ்வுகள். சிலவற்றுக்கு நொடிக்கு ஆயிரக்கணக்கில். குறைந்த சுமைச் சேவையில் திடீரென ஒரு வாடிக்கையாளர் பெருவெள்ளமாக அனுப்பினால், ஒருவர் எழுந்து கையால் சர்வர்களைக் கூட்ட வேண்டியிருந்தது. சுமைக்கேற்பச் சர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலிங் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சேவைக்கும் சிபியு, நினைவகத் தேவை வேறு வேறு என்பதால், எந்த அளவில் கூட்டுவது, எந்த அளவில் குறைப்பது என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியே பழகிப் பழகித்தான் அமைக்க முடிந்தது. அறிவியலைவிடக் கைப்பக்குவம் அதிகம் தேவைப்பட்ட வேலை.

ஒவ்வொரு புதிய சேருமிடத்தோடும் ஒரு ரெப்போ, ஒரு வரிசை, ஒரு சேவை, அதைக் கண்காணிக்கும் அலாரங்கள் என்று கூடிக்கொண்டே போயின. சேருமிடங்களோடு சேர்ந்து பராமரிப்பும் நேர்கோட்டில் ஏறியது. விற்பனைக் குழுவின் வெற்றி ஒவ்வொன்றும் இந்தக் குழுவின் மேல் நிரந்தரச் சுமையாக இறங்கியது.

2017-ன் தொடக்கத்தில் நிலைமை உச்சத்தை எட்டியது. மூன்று முழுநேரப் பொறியாளர்கள் தங்கள் நேரத்தின் பெரும்பகுதியை அமைப்பை உயிரோடு வைத்திருக்கவே செலவிட்டார்கள். வேகமாக நகரத்தான் பிரித்தார்கள். பிரித்ததே வேகத்தைத் தின்றது.

ஓர் அமைப்பின் வடிவம் அதைக் கட்டும் மனிதர்களின் தொடர்பு வடிவத்தையே ஒத்திருக்கும் என்று 1968-ல் மெல்வின் கான்வே எழுதினார். மைக்ரோசர்வீஸ் நன்றாக வேலைசெய்யும் இடங்களில் பெரும்பாலும் ஒரு சேவைக்கு ஒரு குழு இருக்கும். எல்லைகள் மனிதர்களின் எல்லைகள். இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட எல்லைகள், உள்ளே ஒரு சிறு குழு. தன்னோடு தானே பேசுவதற்கு அந்தக் குழு நூறு வேலிகளைத் தாண்ட வேண்டியிருந்தது.

எடுத்த முடிவு

மூன்று வழிகள் முன்னால் இருந்தன என்று பார்க்கலாம். ஆள் சேர்ப்பது, தானியக்கக் கருவிகள் கட்டுவது, கட்டமைப்பையே மாற்றுவது. முதல் இரண்டும் நேர்கோட்டின் சாய்வைக் குறைக்கும், நேர்கோட்டை உடைக்காது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்: எல்லாச் சேருமிடங்களும் ஒரே சேவை.

உடனே ஒரு தடை. ஒரே சேவை என்றால் அதன் ஒவ்வொரு வொர்க்கரும் நூற்றுக்கும் மேற்பட்ட வரிசைகளை மாறி மாறி எட்டிப்பார்த்து வேலை இருக்கிறதா என்று தேட வேண்டும். எந்த வரிசைக்கு முன்னுரிமை, திணறும் சேருமிடத்தை எப்போது தாண்டிப்போவது என்ற அறிவெல்லாம் சேவைக்குள்ளேயே குடியேறும். அந்தச் சிக்கலை அங்கே வைக்க அவர்களுக்கு மனமில்லை. ஆகவே வரிசைகளுக்குப் பதிலாக சென்ட்ரிஃபியூஜ் என்று பெயரிட்ட தனி அமைப்பைக் கட்டினார்கள். நிகழ்வுகளைப் பிடித்துவைப்பது, எதை எப்போது அனுப்புவது, தோற்றதை எப்போது மறுபடி முயல்வது என்பவை அதன் பொறுப்பு. அது கொடுப்பதை ஏபிஐ வடிவுக்கு மாற்றி அனுப்புவது மட்டும் ஒன்றாக்கப்பட்ட சேவையின் பொறுப்பு.

சேருமிடத்துக்கு ஒரு வரிசை என்ற பழைய ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒரே சேருமிடத்துக்கு ஒரு வாடிக்கையாளர் கோடிக்கணக்கில் அனுப்பினால், அதே சேருமிடத்தைப் பயன்படுத்தும் மற்ற வாடிக்கையாளர்கள் பின்னால் நின்றார்கள். புதிய அமைப்பை வடிவமைக்கும்போது வாடிக்கையாளர், சேருமிடம் என்ற இணைக்கு ஒரு வரிசை இருப்பதுபோல் நடத்த முடிந்தது. முதல் முடிவில் கிடைத்த தனிமைப்படுத்தல் இழக்கப்படாததோடு மேலும் நுட்பமானது. கட்டமைப்பை ஒன்றாக்கினார்கள் என்று மட்டும் சொல்பவர்கள் விட்டுவிடும் பகுதி இது. சென்ட்ரிஃபியூஜ் இல்லாமல் சேவைகளை மட்டும் ஒன்றாக்கியிருந்தால் பழைய ரேஷன் கடைக்கே திரும்பியிருப்பார்கள்.

ரெப்போக்களை ஒன்றுசேர்த்தல்

சேவை ஒன்று என்றான பிறகு ரெப்போவும் ஒன்றாக இருப்பதே பொருத்தம். இது குழப்பமான வேலையாக இருக்கும் என்று தெரிந்தே இறங்கினார்கள். சேருமிடங்களின் நிரல்கள் சார்ந்திருந்த லைப்ரரிகள், அதாவது சார்புகள், தனித்தனியாக 120 இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிப்பு, எல்லாச் சேருமிடங்களுக்கும் அதுவே என்று முடிவெடுத்தார்கள். ஒரு சேருமிடத்தை உள்ளே கொண்டுவரும்போது அது பயன்படுத்தும் சார்புகளைப் பார்த்து, புதிய பதிப்புக்கு உயர்த்தி, உடைந்ததைச் சரிசெய்து, அடுத்ததற்குப் போனார்கள். இரு பதிப்புகளைச் சேர்ந்து வாழவிடும் குறுக்குவழி இருக்கத்தான் செய்கிறது. அதை எடுத்திருந்தால் பழைய நோயும் கூடவே குடிபெயர்ந்திருக்கும்.

அடுத்து டெஸ்ட். ஒரே ரெப்போவுக்கு வந்தால், ஒன்று உடைந்தால் எல்லாம் உடையும் என்ற ஆதிச் சிக்கல் திரும்பும். இந்த முறை அதை வேரில் பிடித்தார்கள். நோட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சர்வரில் ஓட்டும் தளம்) சூழலுக்கான யாக்பாக் என்ற திறமூல நிரலின் மேல் டிராஃபிக் ரெக்கார்டர் என்ற கருவியைக் கட்டினார்கள். வேலைமுறை எளிது. ஒரு டெஸ்ட் முதன்முறை ஓடும்போது உண்மையான ஏபிஐக்குக் கோரிக்கை போகும்; கோரிக்கையும் பதிலும் ஒரு கோப்பில் பதிவாகும்; கோப்பு ரெப்போவிலேயே சேமிக்கப்படும். அடுத்த முறையிலிருந்து கோரிக்கை வெளியே போகாது. பதிவான பதிலே திரும்ப வரும்.

இதைச் சேர்த்து முதன்முறை எல்லா 140-க்கும் மேற்பட்ட சேருமிடங்களின் டெஸ்ட்டுகளையும் ஓட்டியபோது சில மில்லிநொடிகளில் முடிந்தது. முன்பு ஒரே ஒரு சேருமிடத்துக்கே சில நிமிடங்கள் பிடித்ததுண்டு.

பின்விளைவுகள்

டிப்ளாய் ஒரு பொறியாளர் சில நிமிடங்களில் முடிக்கும் வேலையானது. பொது லைப்ரரிகளில் 2016 முழுவதும் செய்த மேம்பாடுகள் 32. ஒன்றாக்கிய பின், 2018-ன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் 46. இந்த எண்ணை நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். சர்வர் செலவு குறைந்தது, நிரல் வரிகள் குறைந்தன என்பவற்றைவிட, பொதுவான இடத்தில் கைவைக்க மனிதர்களுக்குப் பயம் போயிற்றா என்பதை இது காட்டுகிறது.

இரவில் எழுப்பும் அலாரங்களும் குறைந்தன. சிபியுவை அதிகம் கேட்கும் சேருமிடமும் நினைவகத்தை அதிகம் கேட்கும் சேருமிடமும் ஒரே பெரிய வொர்க்கர் கூட்டத்தில் கலந்ததால், ஒரு சிறு சேருமிடத்தில் திடீர் ஏற்றம் வந்தாலும் கூட்டம் அதை விழுங்கிக்கொண்டது.

இழந்தவையும் உண்டு, அவற்றை அவர்கள் மறைக்கவில்லை.

முதலாவது, ஒரு சேருமிடத்தில் நுழைந்த பிழை சேவையைக் கவிழ்த்தால் எல்லாச் சேருமிடங்களும் கவிழும். நோட் சூழலில் பிடிபடாத ஒரு பிழை முழுப் புரோசஸையும் கொல்லும் என்பதால் இது வெறும் ஏட்டளவு அபாயமில்லை. டெஸ்ட்டுகள் ஓரளவுக்குத்தான் காக்கும்.

இரண்டாவது, கேஷ், அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் இடம். சுமை குறைந்த சேருமிடத்துக்கு முன்பு சில புரோசஸ்களே இருந்ததால் அவற்றின் கேஷ் சூடாக, அதாவது தேவையான தரவு ஏற்கெனவே தயாராக, இருந்தது. இப்போது அதே கோரிக்கைகள் 3,000-க்கும் மேற்பட்ட புரோசஸ்களில் சிதறின. எடுத்துக்காட்டுக்கு, நிமிடத்துக்குப் பத்துக் கோரிக்கை வரும் சேருமிடம் என்றால் ஒரு குறிப்பிட்ட புரோசஸ் அதைச் சராசரியாக ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பார்க்கும். அதற்குள் கேஷ் காலாவதியாகியிருக்கும். ரெடிஸ் போன்ற பொதுக் கேஷ் வைக்கலாம். ஆனால் அதையும் வளர்த்துப் பராமரிக்க வேண்டும். செயல்பாட்டு வசதியைக் கருதி இந்த இழப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது, ஒரு சார்பின் பதிப்பை உயர்த்தும்போது ஒரு சேருமிடத்துக்குச் சரியாவது இன்னொன்றை உடைக்கலாம். ஆனால் இப்போது உடைந்தால் சில மில்லிநொடிகளில் தெரியும்.

இன்று இதே நிலையில் இருப்பவர்கள் மாற்றிச் செய்யக்கூடியவை

பதிவுசெய்து திரும்ப ஓட்டும் டெஸ்ட், ரெப்போவைப் பிரிப்பதற்கு முன்னாலேயே செய்திருக்கக்கூடிய வேலை. அதற்குப் புதிய கட்டமைப்போ மேலாளர் ஒப்புதலோ தேவையில்லை. ஓரிரு வாரம் போதும். செய்திருந்தால் இரண்டாம் முடிவுக்கான காரணமே எழுந்திருக்காது. ஆகவே நிரலைப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு எந்தக் குழுவில் எழுந்தாலும், கடந்த ஒரு மாதத்தில் உடைந்த டெஸ்ட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றும் நிரல் மாற்றத்தால் உடைந்ததா வெளிக் காரணத்தால் உடைந்ததா என்று பிரித்து எழுதிப் பார்க்க வேண்டும். வெளிக் காரணமே மிகுதி என்றால் ரெப்போ குற்றவாளியில்லை.

பதிவுமுறையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பதிவாகும் கோப்பில் கடவுச்சாவிகள் தங்கிவிடும். சேமிக்கும் முன் அவற்றை மறைக்கும் வடிகட்டி கட்டாயம். தேதி, தற்செயல் எண் போன்றவை கோரிக்கையில் இருந்தால் அடுத்த முறை பதிவோடு பொருந்தாது. டெஸ்ட்டில் கடிகாரத்தை உறையவைக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, கூட்டாளி நிறுவனம் ஏபிஐயை மாற்றிவிட்டாலும் பழைய பதிவு "எல்லாம் நலம்" என்றே சொல்லும். எனவே உண்மையான ஏபிஐயை அழைக்கும் டெஸ்ட்டுகளையும் வைத்திருந்து இரவில் ஒரு முறை ஓட்டுவது நல்லது. அவை உடைந்தால் அந்தச் சேருமிடத்தைக் கவனிப்பவருக்குத் தகவல் போகட்டும். வேறொருவருடைய டிப்ளாயை அது தடுக்கக் கூடாது.

ஒன்றாக்கிய சேவையில் ஒன்று கவிழ்ந்து எல்லாம் கவிழும் அபாயத்துக்கு மலிவான தடுப்புகள் சில உள்ளன. சேருமிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரே நேரத்தில் நடப்பில் இருக்கக்கூடிய கோரிக்கைகளுக்கு உச்சவரம்பு. தொடர்ந்து தோற்றால் சிறிது நேரம் அனுப்புவதையே நிறுத்தும் சர்க்யூட் பிரேக்கர். பத்து நொடி நேர வரம்பு வைத்திருக்கும் இடத்தில் உண்மையில் எத்தனை பதில்கள் மூன்று நொடிக்கு மேல் வருகின்றன என்று அளந்து அதைக் குறைத்தல். புதிய நிரலை முதலில் நூற்றில் ஒரு பங்கு புரோசஸ்களில் விட்டு அரை மணி நேரம் பார்த்த பின்பே மற்றவற்றுக்கு அனுப்புதல். தனித்த சேவைக்குக் காரணம் உள்ள ஒன்றிரண்டு சேருமிடங்கள், உதாரணமாகச் சட்டக் காரணத்தால் தரவு வேறு நாட்டில் இருக்க வேண்டியவை, தனியாகவே இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக்குவதையும் ஓர் இலட்சியமாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

வியாபாரத் தரப்போடு பேசும் முறையும் மாற வேண்டும். அவசரத்தில் விட்டுவைத்த நிரல் வேலைகள் கடனாகச் சேர்வதை டெக்னிக்கல் டெட் என்பார்கள். "டெக்னிக்கல் டெட் அதிகமாகிவிட்டது, ஒரு காலாண்டு கொடுங்கள்" என்று கேட்டால் கிடைக்காது. கேட்பவருக்கு அது எவ்வளவு என்று தெரியாதபோது கொடுப்பவருக்கு எப்படித் தெரியும்? நான்கு வாரத்துக்குக் குழுவின் மணிநேரங்களை மூன்று கூடைகளில் எழுதினால் போதும்: புதிய சேருமிடம், இருப்பதன் மேம்பாடு, உயிரோடு வைத்திருத்தல். பிறகு மூன்றாம் கூடையைச் சேருமிடங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு சேருமிடத்துக்கு மாதம் இரண்டு மணி நேரம் என்று வருகிறது என்று வைப்போம். மாதம் மூன்று சேர்கின்றன, ஓராண்டில் 36. ஆண்டு முடிவில் மாதத்துக்கு 72 மணி நேரம் கூடுதலாகப் போகும், அதாவது ஏறக்குறைய ஒரு பொறியாளரின் பாதி மாதம். விற்பனைப் பொறுப்பாளருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும், ஏனென்றால் அடுத்த ஆண்டு வாக்குறுதி கொடுத்த சேருமிடங்களில் எத்தனை வராமல் போகும் என்பதை அதில் அவரே எண்ணிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை முதல் பத்துச் சேருமிடங்கள் வந்தபோதே போட்டிருந்தால் எண் சிறியதாக இருந்திருக்கும், கோட்டின் சாய்வு மட்டும் அப்போதே தெரிந்திருக்கும். பிரிக்கும் முடிவை எழுதிவைக்கும் ஆவணத்திலேயே "சேவைகள் இருபதைத் தாண்டும்போதோ, மூன்றாம் கூடை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்போதோ இதைத் திரும்பப் பார்ப்போம்" என்று ஒரு வரி இருந்திருந்தால், ஐம்பதாவது ரெப்போவுக்கு முன்னால் யாராவது ஒருவர் அந்த ஆவணத்தைத் திறந்திருப்பார்.